கட்டி முடிக்காத டாங்கி

"இறங்குங்க... அது இரும்பு இல்ல, மரம்."

பின்னாலிருந்து வந்த குரலில் அவள் கையிலிருந்த அளவு நாடா சுருண்டு கீழே விழுந்தது. டாங்கியின் மேல் ஒரு காலை வைத்திருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பச்சை பெயின்ட் அடிச்சு வச்சா யாருக்குத் தெரியும்?"

"பலகையில எழுதியிருக்கே."

"எங்க?"

"நீங்க மிதிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. குரலில்தான் கடுமை. கண்களில் அது இல்லை... சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள். அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது.

அவள் வீடியோ கேம் நிறுவனம் ஒன்றில் வாகனங்களை வடிவமைப்பவள். டாங்கிகளை ஓட்டி ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. ராணுவங்கள் திட்டமிட்டுக் கைவிட்ட டாங்கிகளை அதில் புதிதாகச் சேர்க்கப் போகிறார்கள். அதற்காகத்தான் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தாள். அவள் தேடி வந்த டாங்கி கட்டப்படவே இல்லை. முழு அளவில் இந்த மர மாதிரியும் ஒரு கட்டு வரைபடங்களும்தான் மிச்சம். அவற்றைப் பாதுகாப்பவன் அவன்.

இரண்டு மணி நேரம் என்று அனுமதி வாங்கியவள் மாலை மணியடிக்கும்வரை இருந்தாள். அவள் எதை அளந்தாலும், "நாலு மில்லிமீட்டர் கம்மியா எடுத்திருக்கீங்க" என்றான். போகும்போது அவன் எண்ணை 'மில்லிமீட்டர்' என்றே போனில் பதிந்துகொண்டாள்.

அடுத்த இரண்டு மாதங்கள் மின்னஞ்சலில் ஓடின. கவசத்தின் கனம், சக்கரங்களின் இடைவெளி, எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஒற்றை வரி: 'சாப்டீங்களா?' அவள் அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பாள். சந்தேகம் தீர்ந்துவிட்டால்... புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பாள்.

சோதனைப் பதிப்பைப் பார்க்க அவனை அலுவலகத்துக்கு அழைத்த அன்றுதான் வினை வந்தது. திரையில் டாங்கி சீறிக்கொண்டு போய்ச் சுட்டது. ஏழே விநாடியில் மறுபடி சுட்டது. அவன் முகம் சுருங்கியது.

"உள்ள உக்காந்து பீரங்கியில குண்டு போடறவருக்கு முழங்கையை மடக்கவே இடம் இல்ல. அடுத்த குண்டு போட இருபது செகண்டுக்குக் குறையாது."

"இருபதுன்னு வச்சா இந்த டாங்கியை ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. முதல் நிமிஷத்துலயே காலி."

"அப்ப இது அந்த டாங்கி இல்ல. பேரை எடுத்துடுங்க."

சக ஊழியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மரத்துக்குக் காவல் இருக்கறவருக்கு ஓடற வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

வார்த்தை வாயைத் தாண்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அந்த வரைபடத்துல பாதி எங்கம்மா வரைஞ்சது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதன்பின் மின்னஞ்சல் இல்லை. ஒரு வாரம்... இரண்டு... நான்கு. 'நான் ஏன் முதல்ல எழுதணும்' என்று காலையில் நினைப்பாள். மதியம், 'சாப்டீங்களா?' என்று கேட்க ஆளில்லாமல், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி வைப்பாள். அவனைப் பார்க்க முடியாத குறைக்கு, அவன் அனுப்பியிருந்த வரைபட நகல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்த்ததில்தான் அது கண்ணில் பட்டது. மைக்கோடுகளுக்கு அடியில், பாதி அழித்த பென்சில் கோடு. குண்டு போடுபவரின் இருக்கையை வலப்பக்கம் நகர்த்தியிருந்தார்கள். திரையில் அப்படி வைத்துப் பார்த்தாள். முழங்கைக்கு இடம் கிடைத்தது. பதினோரு விநாடி.

ஏழிலிருந்து பதினொன்றா என்று குழுத் தலைவர் முறைத்தார். மூன்று நாள் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தாள். புதிய பதிப்பு அலுவலக வழக்கப்படி அருங்காட்சியகத்துக்குப் போனது. அவளாக ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்க்கத் துணிவில்லை.

இரண்டாம் நாள் காலை, வரவேற்பறையில் அவன் நின்றான். பக்கத்தில் நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக ஓர் அம்மாள்.

"அந்தப் பென்சில் கோட்டைக் கண்டுபிடிச்ச பொண்ணு நீதானாம்மா? மாத்தணும்னு நான் போட்டது. மறுநாளே திட்டத்தை நிறுத்திட்டாங்க. இத்தனை வருஷத்துல யார் கண்ணுலயும் படல... இவன் கண்ணுலகூட." மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க, அது ஓடறதைக் காட்டு" என்றார்.

ஐந்தே நிமிடத்தில் அவர் விசைப்பலகையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. இருவரும் நடைவழிக்கு வந்தார்கள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றான்.

"நானும்தான்."

அவன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். "இனிமே அளக்கறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. உங்ககிட்ட பேசக் காரணமும் இல்ல. காரணம் இல்லாம பேசலாமான்னு... கேக்கத்தான் வந்தேன். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. நாலு வாரமா வேற எதுவுமே ஓடல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. போனை எடுத்து அவனிடம் நீட்டினாள். எழுதி அனுப்பாமல் வைத்திருந்த மின்னஞ்சல்கள், வரிசையாக. எல்லாம் அவன் பெயருக்கு.

"எல்லாத்துலயும் ஒரே கேள்விதான்" என்றாள். "கோபம் போச்சா, எப்ப வருவீங்கன்னு. அனுப்பத்தான்... பயமா இருந்துச்சு."

அவன் ஒன்றைத் திறந்து நிதானமாகப் படித்தான். பிறகு அவள் கையைப் பிடித்துப் போனை உள்ளங்கையில் வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"வந்துட்டேன்ல" என்றான்.