தெற்குக் காற்று வருமுன்

ஏன் சத்தமே இல்லை... எல்லோரும் செத்துப்போய்விட்டோமா?

கண்ணைத் திறக்காமலே ஆனந்தவல்லி நினைத்தாள். காலையிலிருந்து பள்ளிக்கூடத்தின் மேல் ஓலமிட்டுக்கொண்டிருந்த வடக்குக் காற்று, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் நின்றுபோயிருந்தது. மெதுவாக இமைகளைப் பிரித்தாள். உடைந்த ஜன்னல் வழியே மஞ்சள் வெளிச்சம்... மத்தியான வெயிலின் மஞ்சள் அல்ல, காமாலைக் கண்ணின் மஞ்சள். வகுப்பறை முழுக்க உட்கார்ந்திருந்த கீழத்தெரு ஜனங்களின் முகங்கள் அதில் ஈர மெழுகாகத் தெரிந்தன. குழந்தைகள்கூட அழவில்லை.

அவன் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூரைகள் பறக்கத் தொடங்கியதும் தெருவே இந்தத் தளம் போட்ட கட்டடத்துக்கு ஓடி வந்தபோது, கடைசியாக வந்தவன் அவன். தாயை முதுகில் சுமந்துகொண்டு வந்தான். கதவைப் பிடித்து நிற்கும் டீச்சர் பண்ணையார் பஞ்சநதத்தின் மகள் என்று தெரிந்ததும் மழையிலேயே நின்றுவிட்டான்.

"வாங்க... உள்ள வாங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். "யாரைக் கூப்பிடுறீங்க டீச்சர்? எனக்குப் பின்னால யாரும் வரலையே."

அவள் வீட்டில் யாரும் கீழத்தெருக்காரர்களை 'வாங்க' என்று அழைத்ததில்லை. 'டா' தான், கிழவராயிருந்தாலும். அது உறைத்தபோது, அத்தனை மழையிலும் அவளுக்கு முகம் சுட்டது.

"உங்களைத்தான். அம்மாவை நனைய விட்டுட்டு வம்பு பேசுவீங்களா?"

முதலில் அவன் கண்கள் சிரித்தன. உதடு சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது... நாற்றங்கால் சேற்றின் கறுப்பு அந்தக் கண்களில். முதுகிலிருந்த ராமாயி மகனின் தோளில் தட்டி, "ஏறுடா தங்கையா" என்றாள். அப்படித்தான் அவன் பெயர் தெரிந்தது.

பிறகு பேச நேரமில்லை. தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டபோது, அவன் கதவைத் தோளால் தாங்கிப் பிடிக்க, அவள் சங்கிலி போட்டுப் பூட்டினாள். நனைந்த தோளோடு தோள் ஒரு கணம் பட்டது. அவன்தான் சட்டென்று விலகினான். அந்த விலகல் ஏனோ அவளை வருத்தியது... இத்தனை பயத்துக்கு நடுவில் இது என்ன வருத்தம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இப்போது அவன் எழுந்து வந்தான்.

"சாவியக் குடுங்க டீச்சர். காத்து விட்டுடுச்சு."

எதற்கு என்று அவள் கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்கக் கேட்க அவள் தலை தாழ்ந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை என்று சட்டம் வந்ததிலிருந்து கீழத்தெருவில் ஒரு வழக்கம்: எந்தக் குடிசையையும் ஆளில்லாமல் விடுவதில்லை. போன மாசியில் ஒரு சாவுக்குத் தெருவே போய்த் திரும்பியபோது, கடைசி மனையைச் சுற்றி முள்வேலி. யாரும் குடியிருக்கவில்லை என்று பண்ணை சாதித்தது. இன்று காலை யாரும் தெருவை விட்டு வருவதாக இல்லை. 'நீங்க போங்க, எல்லாருக்கும் நான் ஒருத்தன் நிக்கிறேன்' என்று வாக்குக் கொடுத்துத்தான் அவன் அவர்களை அனுப்பியிருக்கிறான். தாயை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காற்று வழி மறித்துவிட்டது.

அவள் அவனைத் தெற்கு ஜன்னலுக்கு அழைத்துப்போனாள்.

தெருவுக்கு அப்பால் எப்போதும் தளும்பும் உப்பங்கழியில் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை கறுத்த சேறு. அதில் மீன்கள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. பள்ளி முற்றத்தில் நடுக்கடல் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அசையவில்லை. தலைக்கு மேலே வட்டமாக நீல வானம், சுற்றிலும் மேகச் சுவர்.

"கடலே பயந்து ஓடிடுச்சு, பாருங்க" என்றான் அவன்.

"ஓடலை. வடக்குக் காத்து தள்ளி வச்சிருக்கு. நாம இப்ப புயலோட நடுவுல இருக்கோம்... இது நகர்ந்ததும் தெற்கேருந்து அடிக்கும். தள்ளின தண்ணி அத்தனையும் உங்க தெரு மேலதான் வரும்."

பயிற்சிப் பள்ளியில் படித்ததை வைத்து மட்டும் அவள் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு எட்டு வயதில் அடித்த புயலில், இதே போன்ற அமைதியில்தான் மாமா மாட்டைப் பார்த்து வருகிறேன் என்று விசிலடித்துக்கொண்டு போனார். அவரைப் பிணமாகத்தான் தாழம்புதருக்குள் கண்டெடுத்தார்கள். அந்த விசில் இன்றும் சில மத்தியானங்களில் அவளுக்குக் கேட்கும்... இப்போதும் கேட்டது.

சங்கிலி போட்ட அந்தத் தெற்குக் கதவுக்கே பெஞ்சுகளை முட்டுக்கொடுக்கச் சொன்னாள். ஆண்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் தலையசைத்து, தானும் ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டான். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"நான் போகாம இருந்தா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியும். பண்ணை மக பூட்டி வச்சான்னுதான் நாளைக்குப் பேசுவாங்க."

நெஞ்சில் குத்தியது. நியாயமான குத்துதான் என்பது இன்னும் வலித்தது.

"பேசட்டும். அப்பா ஆளுங்க வேலி போட்டிருந்தா, நானே உங்க கூட வந்து பிடுங்கறேன். அப்பா முன்னாலயே."

"முள்ளு குத்தும் டீச்சர்."

"குத்தட்டும்."

வெளியே மஞ்சள் கறுத்துக்கொண்டிருந்தது. பறவைகள் அத்தனையும் ஒன்றாகத் தெற்கே தலையைத் திருப்பின. எங்கிருந்தோ பூமிக்கடியில் வண்டி ஓடுவதுபோல் ஓர் உறுமல்.

"காலைல 'வாங்க'ன்னீங்களே..." அவன் குரல் தழைந்தது. "அம்மாவை இறக்கிட்டு ஓடியிருக்கலாம், அப்ப வழி இருந்துச்சு. இன்னொரு தடவை அந்தக் குரலைக் கேட்டுட்டுப் போகலாம்னு நின்னேன். நின்னது என் தப்பு. தெருவுக்குக் குடுத்த வாக்கு போச்சு... ஆனந்தவல்லி, குடுங்க. ஓடிப் போயிட்டு வந்துடறேன்."

பெயர் சொல்லி இப்படி யாரும் அவளை அழைத்ததில்லை. இந்தக் குரல் கேட்டால் வீட்டை விட்டுவிடலாம், அப்பாவின் பெயரை விட்டுவிடலாம். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிற்று.

சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"வேற எதை வேணாலும் கேளுங்க... என்னையே கேட்டாலும் சரின்னுடுவேன்" என்றாள் மெதுவாக. "இதைக் குடுக்க மாட்டேன்."