சருகில் கேட்காத காலடி

மாசி பிறந்ததும் செலண்டார் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையெல்லாம் கொட்டிவிட்டு உச்சியில் செந்துளிர் விட்டிருக்க, கீழே கணுக்கால் புதையக் கிடந்த சருகு, நடக்கப் போனவர்களின் காலடியில் அப்பளமாக நொறுங்கியது. பவானேஸ்வரிக்குப் பின்னால் வந்த தங்கை மோகனாவின் காலடியில் மட்டும் சத்தமே இல்லை.

கொஞ்சம் முன்புவரை இருந்தது. புருஷன் போனதிலிருந்து வாய் திறக்காதவளை, நாலு பேரோடு நடந்தால் மனசு ஆறும் என்று பவானேஸ்வரிதான் வம்படியாக இழுத்து வந்தாள். நல்லபடியாக வீடு கொண்டு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கவலை. நுழையும்போதே, வழிகாட்டியாக முன்னால் நடந்த வீரப்பன் அண்ணன் சொல்லியிருந்தார்.

"உள்ள யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. வேற எதாச்சும் வந்து நிக்கும்."

டவுனில் வளர்ந்த பவானேஸ்வரி சிரித்துக்கொண்டாள். சப்பாத்தைக் கழற்றி முள் எடுக்கிறேன் என்று நின்ற தங்கையை ஓடைத் திருப்பத்தில் காணவில்லை என்றதும், பதற்றத்தில் "மோகனா!" என்று கத்தியும்விட்டாள்.

மறுநொடியே மோகனா பக்கத்தில் நின்றாள். கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"அங்க பாருங்க லா, ஹார்ன்பில்!" என்று கூட நடந்த ஷெர்லீன் கைப்பேசியைத் தூக்கினாள். பறவை படபடவென்று பறந்துவிட்டது. குட்டிகளோடு குறுக்கே வந்த காட்டுப்பன்றி இவர்களைப் பார்த்ததும் வீறிட்டுத் திரும்பியது. கிளையில் இருந்த கருங்குரங்குகள் ஓடவில்லை. குட்டிகளை வயிற்றோடு அணைத்தபடி மோகனாவை மட்டும் பார்த்தன.

மோகனா பிடித்திருந்த பவானேஸ்வரியின் கை மரத்தது. மணிக்கட்டு. முழங்கை. தோள். பயம்கூட மரத்துப்போனது.

தோட்டத்து வாசலில் நின்ற வேனில் ஏறினார்கள்.

"போலாம்க்கா," என்றாள் மோகனா, இத்தனை நாள் கழித்து.

தோட்டத்துக்குள் சருகு நொறுங்கியது.

"அக்கா! என்ன விட்டுட்டுப் போயிடாத!"

வீரப்பன் அண்ணன் முகம் வெளுத்தது. "யாரும் பதில் குடுக்காதீங்க. நம்மாளுங்க எல்லாம் வந்தாச்சு." கதவை இழுத்துச் சாத்தினார்.

பவானேஸ்வரி வாய் திறந்தாள். நாக்கு அசையவில்லை.

வேன் நகர்ந்தது. பின்கண்ணாடியில், ஒற்றைச் சப்பாத்தோடு, அழுதுகொண்டு ஓடி வந்தாள் மோகனா. பக்கத்தில் இருந்தது, பவானேஸ்வரியின் தலையை மெல்லத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது.