ஆறு தோட்டாக்கள்

வெடிமருந்து டப்பாவில் ஒரு கரண்டிதான் மிச்சமிருந்தது. இரண்டு இருக்க வேண்டும்.

லூர்துசாமி காகிதத்தில் கொட்டி மறுபடி அளந்தார். காலையில் டப்பாவில் இருந்தது எட்டு. ஒன்றுக்கு ஒரு கரண்டியாக ரொப்பிய தோட்டா ஆறு. மிச்சம் ஒன்றுதான்.

மைத்துனன் அலெக்சாண்டரின் பழைய ரைஃபிளுக்கு எந்தக் கடையிலும் தோட்டா கிடையாது. வெடித்த காலித் தோட்டாவுக்கே பொறி வைக்கும் கேப்பை மாற்றி, மருந்து ரொப்பி, ஈயக் குண்டை அழுத்தி, மான் வேட்டைக்குக் கொடுப்பது லூர்துசாமிதான். சுரங்கக் குவார்ட்டர்ஸ் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

காலையில் பாதி வேலையில் சிலிண்டர்காரன் கூப்பிட்டான். கையெழுத்துப் போட்டுத் திரும்பியவர், ஏற்கெனவே மருந்து போட்ட காலியிலேயே மறுபடி ஒரு கரண்டி போட்டிருக்கிறார். இரட்டை மருந்து. எந்தத் தோட்டா என்று தெரியாது. சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கும்.

அலெக்சாண்டர் மூன்று மணிக்கே ஆறையும் எடுத்துக்கொண்டு முந்திரித்தோப்புக்குப் போய்விட்டான், இவருடைய ஸ்கூட்டரில்.

வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டுக் கண்ணையன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா லூர்து, ஆஃப் நாள்ல பேயறைஞ்சா மாதிரி நின்னுகினு இருக்க? எங்கனா போவணுமா?"

தோப்புக்குப் பைக்கில் பத்தே நிமிடம். ஆனால் லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்மனென்ட் வேலை போய்விடும்.

"ஒண்ணும் இல்லண்ணே. சும்மாதான்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். முத்தாண்டிக்குப்பம் பக்கத்து முந்திரித்தோப்பிலிருந்து வந்த காற்று அழுகிய பழ வாடையையும் நிலக்கரிப் புகையையும் ஜன்னல் வழியே மெல்ல மெல்லக் கொண்டுவந்து கொட்ட, எங்கோ கன்வேயர் பெல்ட்டின் உறுமல் தரைக்குள் ஓடிக்கொண்டே இருக்க, அதற்கும் அப்பால் முதல் வெடி கேட்டது.

சாதாரண வெடி.

நெடுநேரம் கழித்து இரண்டாவது. மூன்று. நான்கு. வெளிச்சம் போனது. ஐந்து.

பிறகு ஒன்று. தகரப் பெட்டியை உள்ளிருந்து உதைத்தது போல.

அவர் எழுந்திருக்கவில்லை. டப்பாவை மூடினார். கை கழுவினார்.

ஏழு மணிக்கு ஹாலிலிருந்து மனைவி ஸ்டெல்லாவின் குரல். "ஏங்க, தம்பி வந்துட்டான். நீங்களும் சாப்புட வாங்க."

ஸ்கூட்டர் சத்தம் கேட்கவே இல்லை.

அலெக்சாண்டர் சுவர்ப்பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் காலித் தோட்டாக்கள்.

"ரொப்பி வெச்சிருங்க மாமா. நாளைக்கும் போவணும்."

"அஞ்சுதான் இருக்கு."

"ஆமா."

"இன்னொண்ணு?"

"சோத்துக்கு முன்னாடி இன்னா பேச்சு இது?" என்றாள் ஸ்டெல்லா. "மூஞ்சைக் காட்டுடா. ஒரே கரி."

அவன் திரும்பினான். ஸ்டெல்லா முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள்.

வலது கண் இருந்த குழியில், சதைக்குள் இறுகிப் பதிந்து, தோட்டாவின் வட்டப் பித்தளை அடிப்பாகம் பளபளத்தது.

"குழம்பு ஊத்தட்டுமா?" என்றாள் ஸ்டெல்லா.

அவன் மாமாவையே பார்த்தான். அந்தப் பித்தளைமேல் இமை ஒருமுறை மூடித் திறந்தது.