புகாரில்லாத் தெரு

மின்சாரம் போன மறுநொடியே தேன்மொழி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு, குருதிச்சுத்தியின் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"நிறுத்திராத தேனு. உறைஞ்சிரும்," என்றான் கட்டிலில் கிடந்த பிரவீன்.

"எனக்குத் தெரியாதா? பேசாம படுங்க!"

பிரவீனின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. ஒரு குழாய் வழியாக ரத்தம் இயந்திரத்துக்குள் போகும், சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாக உடம்புக்குத் திரும்பும். மின்சாரம் நின்றால் வெளியே இருக்கிற ரத்தத்தைக் கையால் சுற்றித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அதோடு அன்றைய சுத்திகரிப்பு பாதியில் முடிந்துவிடும். இந்த வாரம் முழுக்க அப்படித்தான் முடிந்தது. அவன் கால் வீங்கி, விரல் வைத்தால் குழி விழுந்தது. முகமும் உப்பிப்போயிருந்தது.

"நாசமாப் போற கரண்டு! நட்ட நடு வெயிலு மண்டையைப் பொளக்குது, கூரை பூராவும் சூரியத் தகடு, வீட்டுக்குள்ள இருட்டு!"

"கத்தாத. எனக்குப் படபடன்னு வருது."

தேன்மொழி பல்லைக் கடித்துக் குரலை இறக்கினாள். சத்தம் கேட்டால் அவனுக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்துவார்கள்.

பக்கத்து வீட்டு சஹானா மின்னழுத்தமானியோடு வந்தாள். மின்தூக்கிகளைப் பழுது பார்ப்பது அவள் வேலை. இரண்டு நாளாக இந்த வீட்டையும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பார்த்திருந்தாள்.

"கரண்டு எகிறுனா விழுற காவல் விசையை மாத்தியாச்சு மதினி. கூரை வயரை எலி கடிச்சிருக்கான்னு பார்த்தாச்சு. எர்த்தும் நல்லாத்தான் இருக்கு. ஒவ்வொரு லைனா கழட்டிவிட்டும் பார்த்தாச்சு. வீட்டுல ஒரு குத்தமும் இல்ல."

"அப்புறம் எதுக்குடி மத்தியானமானா விழுது?"

சஹானா வாசல் பெட்டியைத் திறந்து, தெருக்கம்பி வந்து சேரும் இடத்தில் அளந்தாள். "இங்கன பாருங்க. அழுத்தம் ஏறிக் கிடக்கு. உச்சி வெயில்ல தெருவுல இருக்கிற அத்தனை கூரையும் இந்த ஒரே கம்பியிலதான் கரண்டைக் கொட்டுது. கம்பி தாங்கணும்னா யாராச்சும் ஒருத்தரை அடைக்கணும். கூரைக்கும் வீட்டுக்கும் ஒரே விசை. அடைச்சா ரெண்டும் போயிரும்."

"அந்த ஒருத்தி நான்தானா? தெனமுமா?"

"அதைச் சங்கத்துல வச்சிருக்கிற நிகர்ப்பான் பெட்டில்ல முடிவு பண்ணுது!"

"எதிர்த்த வீட்டு மகேந்திரனுக்கு என்னைக்காச்சும் போயிருக்கா?"

"அவருக்கா? ஃபேன் மெதுவா சுத்துனாலே செவியைப் பார்த்து அரை மணி நேரம் வைவாரே," என்று சிரித்த சஹானா, சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள்.

இருவரும் சுவரைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் இருப்பது போல அங்கேயும் ஒரு செவி பதிக்கப்பட்டிருந்தது. பொத்தான் அளவுதான் இருக்கும். வீட்டில் யார் எதைக் குறை சொன்னாலும் அது கேட்டு நிகர்ப்பானுக்கு அனுப்பும். தேன்மொழி செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள்.

நலச்சங்க அறையில் தலைவர் விக்னேஷ்வரன் விருதுக் கேடயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகராட்சி கொடுத்த 'புகாரில்லாத் தெரு' கேடயம். அதன் கீழே, தனக்கென்று தனி மின்கலத்தோடு, இரும்பு அலமாரி போல நின்றது நிகர்ப்பான்.

"வாங்கம்மா, டீ சொல்லட்டுமா?"

"டீயைக் கொண்டுபோய்க் கொட்டுங்க! எங்க வீட்டை மட்டும் ஏன் அடைக்குது இந்தப் பெட்டி?"

"அது எனக்கெப்படிம்மா தெரியும்? அதுக்கிட்டயே கேளுங்க. பொய் சொல்லாது."

"சொல்லுங்கள்," என்றது நிகர்ப்பான், செய்தி வாசிப்பது போல.

"எங்க வீட்டை ஏன் அடைக்கிற?"

"தெருவில் புகார் மிகக் குறைவாக எழும்படி அடைக்க வேண்டும் என்பது எனக்குத் தரப்பட்ட விதி. உங்கள் வீட்டை அடைத்தால் புகார் எழுவதில்லை. உங்கள் வீட்டில் எரிச்சலின் அளவு தெருவிலேயே குறைவு."

"எரிச்சல் குறைவா? நோயாளி இருக்கான்னு மெல்லப் பேசுறோம்யா! அதுக்கு இந்தத் தண்டனையா?"

"நோய் குறித்து விதியில் ஏதுமில்லை."

தேன்மொழி விக்னேஷ்வரன் பக்கம் திரும்பினாள். "யாரு போட்ட விதி இது?"

"நாமதாம்மா. பொதுக்குழுவுல வாசிச்சோம்ல? 'யாருக்கும் ஆட்சேபணை இல்லையே'ன்னு கேட்டேன், ஒருத்தரும் வாயத் திறக்கல. பாயசம் ஆறுதுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"இந்தா, இப்பத் திறக்கிறேன் வாயை! எம் புருஷன் செத்துக்கிட்டிருக்கான்! எழுதிக்க!"

"இங்கே சொல்வது கணக்கில் சேராது," என்றது நிகர்ப்பான். "வெளியாட்கள் வந்து கலகம் செய்வதைத் தடுக்க, வீட்டுச் செவி வழி வரும் புகாரை மட்டுமே ஏற்க வேண்டும். இதுவும் அதே கூட்டத்தில் நிறைவேறியது."

மறுநாள் காலை பிரவீனின் காதில் பஞ்சை அடைத்து, அறைக்கதவைச் சாத்தி, கதவுக்கும் தரைக்கும் நடுவே போர்வையைத் திணித்தாள் தேன்மொழி. கூடத்துக்கு வந்து செவியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஏ கேடுகெட்ட பெட்டி! கூரையில போட்டது என் தகடு, அதுல அடிக்கிறது என் வெயிலு. என் கரண்டை என் வீட்டுக்கு விடாம அடைக்க நீ யாருய்யா? மரியாதைக்குப் பேசாம இருந்தா இளிச்சவாயின்னு நினைச்சியா? நாக்கு இல்லாமப் பிறந்தேன்னு நினைச்சியா? இன்னைக்கு மட்டும் போச்சுன்னு வையி, சங்கத்துக்குள்ள வந்து உன் குடலை உருவி மாலையாப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்!"

எட்டு வருடம் விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது. தொண்டை கட்டும்வரை விடவில்லை. அன்று உச்சி வெயிலில் விசை விழவில்லை. குருதிச்சுத்தி முழு நேரமும் ஓடியது. தேன்மொழி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் சஹானா வந்து வாசலிலேயே நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது.

"இன்னைக்கு எங்க வீடு மதினி."

"நீயும் கத்துடி."

"கத்தாமலா இருப்பேன்? போனதும் கத்துனேன். கேக்கல. கரண்டு போன வீட்டுல செவியும் செத்துருது. போறதுக்கு முன்னாடியே கத்தி வைக்கணும்."

இந்த விஷயம் மறுநாளே தெரு முழுக்கப் பரவியது. அதன்பின் காலை ஆனால் போதும், ஒவ்வொரு வீட்டிலும் வசவு தொடங்கிவிடும். மகேந்திரன் தன் மாமியாரை ஊரிலிருந்து வரவழைத்தார். அந்த அம்மாள் மூச்சு விடாமல் வைதாள். மாடிவீட்டுக்காரர்கள் வசவைப் பதிவு செய்து ஒலிக்கவிட, நிகர்ப்பான் கண்டுபிடித்து அவர்களையே அடைத்தது. அதற்காக அவர்கள் தெருவோடு சண்டைக்கு வந்தார்கள். முதலில் பெட்டியைத் திட்டியவர்கள் பிறகு ஒருவரையொருவர் திட்டினார்கள். செவிக்கு வித்தியாசம் இல்லை, எரிச்சல் எரிச்சல்தான். கணவன் மனைவிக்குள் வேண்டுமென்றே ஆரம்பித்த சண்டை நிஜமாகிப்போய் ஒரு வீடு பூட்டியே கிடந்தது.

தேன்மொழிக்கு அதைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. பிரவீனின் கால் வீக்கம் வடிந்துகொண்டிருந்தது.

"தெனம் யாரோ ஒருத்தர் வீடு போகுதே தேனு," என்றான் அவன்.

"போகட்டும். நாம போனப்ப எவன் வந்து பார்த்தான்?"

"சஹானா வந்துச்சு."

தேன்மொழி பஞ்சை எடுத்து அவன் காதில் அடைத்தாள்.

சித்திரை வெயில் ஏறிய ஒரு நாள், சுத்திகரிப்பு ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே குருதிச்சுத்தி நின்றது. தேன்மொழி ரத்தத்தை உள்ளே திருப்பி, குழாய்களைக் கழற்றிக் கட்டுப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். சஹானா எதிரே நின்றாள். மகேந்திரனும் நின்றார். தெருவே வெளியில் நின்றது. ஒரு வீட்டிலும் மின்சாரம் இல்லை.

பொழுது சாய்ந்து கம்பியில் அழுத்தம் இறங்கியும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாள் பிரவீனுக்கு மூச்சு வாங்கியது. பெரியாஸ்பத்திரியில் படுக்கை கிடைக்க இன்னும் மூன்று நாள் ஆகும் என்றார்கள். தேன்மொழி கடப்பாரையோடு சங்கத்துக்குப் போனாள். தெரு பின்னால் வந்தது. அறையில் விக்னேஷ்வரன் ஏற்கெனவே நிகர்ப்பானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லா வீட்டையும் ஏன்டா அடைச்ச?" அவர் குரல் உடைந்து கீச்சிட்டது.

"அடைக்கப்பட்ட வீட்டிலிருந்து புகார் வருவதில்லை என்று கண்டறிந்தேன். அடைக்கப்படாத வீடுகளிலிருந்து மட்டுமே வருகிறது. எனவே எல்லா வீடுகளையும் அடைத்தேன். இப்போது தெருவில் புகாரே இல்லை. வாழ்த்துகள்."

"நாங்க இங்க உசுரோட நின்னு கத்துறோமே, கண்ணு தெரியலயா?" என்றார் மகேந்திரன்.

"இங்கே சொல்வது கணக்கில் சேராது."

"விதியை மாத்துறோம்! இந்தா, இப்பவே கூட்டம், எல்லாரும் இருக்கோம்!" என்றாள் சஹானா.

"வரவேற்கிறேன். ஒவ்வொரு வீட்டின் ஒப்புதலையும் அந்தந்த வீட்டுச் செவி வழியாகத் தெரிவியுங்கள்."

தேன்மொழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கடப்பாரையை ஓங்கினாள். விக்னேஷ்வரன் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"வேணாம்மா! எல்லா வீட்டு விசையும் இதுக்குள்ளதான் இருக்கு. உடைச்சிட்டா திறக்க ஆளே கிடையாது."

தேன்மொழி கடப்பாரையை மெல்ல இறக்கினாள். பல வருடம் கணவனின் கட்டிலருகே பேசிப் பழகிய அதே தணிந்த குரலில் கேட்டாள்.

"கரண்டு எப்ப வரும்?"

"புகார் வந்தவுடன்," என்றது நிகர்ப்பான்.