வெள்ளிக்கிழமை மேகம்

காலை ஆறு மணிக்கு ஏழுதிட்டில் மேகத்தைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். கடலோரத்து முகிற்பொறிகள் நாற்பதும் இரவெல்லாம் கடல்நீரை உறிஞ்சி, ஊசித்துளைகள் வழியே நுண்ணிய உப்புத்தூளாக வானத்தில் ஊதும். தூளைப் பற்றிக்கொண்டு ஈரம் திரளும். விடிவதற்குள் ஊரையே மூடுமளவுக்கு ஒரு மேகம் வளர்ந்து நிற்கும். பிறகு காற்றிழுவைகள் என்னும் ஆளில்லா ஊர்திகள் மின்வலை வீசி அதைப் பிடித்து, இருநூறு கல் தொலைவிலுள்ள மேல்நகரத்துக்கு இழுத்துப் போகும். ஏழு மணிக்கெல்லாம் ஏழுதிட்டில் வெயில் ஐம்பது டிகிரியைத் தொட்டுவிடும். ஊர் நிலவறைகளுக்குள் இறங்கிவிடும்.

பதினோரு வருடமாக இதுதான் வழக்கம். பொறிகளை ஓட்டுவது ஊர்ப் பெண்கள். விலை வைப்பது மேல்நகரம்.

பிரகாசி அதைப் பற்றிப் பெரிதாக யோசித்ததில்லை, கூடவே பொறி ஓட்டிய ரெபேக்கா விழும் வரை. மேகத்தை அனுப்பிவிட்டுத் திரும்பியவள், நிலவறை வாசலுக்கு இருபதடி இருக்கும்போது சுருண்டு விழுந்தாள். பிரகாசி ஓடிப்போய்த் தூக்கினாள். உடம்பு அடுப்புக்கல்லாய்க் கொதித்தது. அரை மணி நேரத்தில் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்ததும் மாதா கோயிலிலேயே ஊர் கூடியது. ரெபேக்காவின் புருஷன் ஜெபமாலை கேட்டான்.

"நாம செஞ்ச நெழல்ல நாம ஒரு நாளாச்சும் நின்னுருக்கமா? இனி ஒரு மேகமும் போகக் கூடாது."

எல்லோரும் ஆமென்றார்கள். பிரகாசிதான் எழுந்தாள்.

"அங்கயும் பச்சப்புள்ளைக இருக்கும்ல அண்ணே? தெருவுல வெளாடுற புள்ளைக வெந்து போச்சுன்னா அந்தப் பாவம் நம்மளத்தான சேரும்? வெள்ளிக்கிழம மேகம் நமக்கு. மத்த ஆறு நாளும் அவுகளுக்கு. ஆனா வெல நாம வைக்கிற வெல."

ஜெபமாலை தலையசைத்தான்.

வெள்ளிக்கிழமை காற்றிழுவைகள் வந்து வலை வீசின. வழக்கமாக ஆறு மணிக்கு நிற்கும் பொறிகளைப் பெண்கள் அன்று நிறுத்தவில்லை. ஊத ஊத மேகம் கனத்தது, கறுத்தது. இழுவைகள் கிறீச்சிட்டன. வலைகள் ஒவ்வொன்றாய் அறுந்து தொங்கின. பிறகு வானம் ஒரு முறை உறுமியது.

முதல் துளி பிரகாசியின் புறங்கையில் விழுந்தது. அது என்னவென்று அவளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. அடுத்த நொடி கடலும் கரையும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்தன. நிலவறைகளிலிருந்து சனங்கள் ஏறி வந்தார்கள். மழையையே பார்த்திராத பிள்ளைகள் பயந்து தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தாங்கள் தினமும் கட்டிக் கொடுத்த பொதிக்குள் இவ்வளவு பெரிய ஒன்று இருந்ததா? பிரகாசி முழந்தாளிட்டு, கொப்பளிக்கும் மண்ணில் இரு கைகளையும் வைத்தாள். மண் சில்லென்றிருந்தது.

வெள்ளிதோறும் வலைகள் அறுபட, மூன்றே வாரத்தில் மேல்நகரம் இறங்கி வந்தது. ஆறு நாள் மேகம், ஊர் வைத்த விலை. கையெழுத்துப் போட ஊர் பிரகாசியை அனுப்பியது.

மேல்நகர அலுவலகத்தின் அறுபதாவது மாடியில், கண்ணாடிச் சுவரருகே போய் அவள் வெளியே பார்த்தாள். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அவர்கள் ஊர் மேகம் படுத்திருந்தது. அதன் அடியில் அகலமான தெருக்கள், பூங்காக்கள், ஊஞ்சல்கள். ஒரு மனிதத் தலைகூட இல்லை.

"புள்ளைகல்லாம் எங்க தம்பி?"

"உள்ளேதாம்மா இருக்காங்க. வெளிய யார் போவாங்க?" என்றான் ஒப்பந்த அதிகாரி நிரஞ்சன்.

"அப்ப நெழலு யாருக்கு?"

அவன் எதிர்க் கட்டடத்தைக் காட்டினான். அடிமுதல் உச்சிவரை ஆயிரக்கணக்கான ஏசிப் பெட்டிகள், தெருவைப் பார்த்து அனல் கக்கிக்கொண்டிருந்தன.

"நேர் வெயில் பட்டா இதெல்லாம் நின்னுடும். அதுக்குத்தான் மேகம்."

பிரகாசிக்குப் பல் கிட்டியது. "இங்க ரொம்பக் குளிருதே தம்பி."

"ஆமாம்மா, எல்லாருக்குமே குளிரும். அதான் ஸ்வெட்டர் போட்டிருக்கோம். உங்களுக்கும் ஒண்ணு கொண்டுவரச் சொல்லவா?"

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள். ஒப்பந்தத்தில் 'ஆறு நாள்' என்றிருந்ததை அடித்து 'மூன்று நாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அம்மா! மீதி மூணு நாளைக்கு நாங்க என்ன செய்யிறது?"

"மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டுங்க தம்பி."