சோலையம்மாளுக்குப் போட்ட நாற்காலி

"உன் மாமியாரைத் திரும்பக் கூப்பிட்டுக்கோ, அன்னக்கொடி. இப்பவே, இந்த நிமிஷமே..."

"கூப்பிட மாட்டேன் மேடம். வாங்கன்னு சொன்னது நீங்கதான, நான் ஒண்ணும்..."

"அது ஒரு பயிற்சி! உன் மனசு ஆறட்டும்னு..."

"பயிற்சியோ என்னமோ, சேரப் போட்டு உக்கார வச்சது நீங்க!"

வாடிப்பட்டி பிரவுசிங் சென்டரில் அன்னக்கொடி பேசுவது, ஆனையூர் வீட்டு மாடியில் இருந்த தேவிகாவின் ஹெட்போனுக்கு வந்து சேர இரண்டு விநாடி பிந்தும். அதனால் ஒருத்தி பேச்சின்மேல் இன்னொருத்தி பேச்சு ஏறி விழுந்துகொண்டிருந்தது. அந்த மோதலுக்கு நடுவே வறண்ட தொண்டையில் யாரோ எச்சில் கூட்டி விழுங்கினார்கள். தேவிகா ஹெட்போனைக் காதிலிருந்து சற்று விலக்கினாள். சத்தம் குறையவில்லை. அது அறைக்குள்தான் இருந்தது.

இணையத்தில் ஆலோசனை சொல்ல ஆரம்பித்த இந்த இரண்டு வருடத்தில், தேவிகாவுக்கென்று ஒரு முறை உருவாகியிருந்தது. மனதை அறுக்கும் ஆள் எதிரே காலி நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசவைப்பது எல்லோரும் செய்வதுதான். ஆனால் பிரவுசிங் சென்டரின் பலகைத் தடுப்புக்குள் இரண்டாவது நாற்காலிக்கு ஏது இடம்? "அவங்களை எங்க வீட்டுக்கு அனுப்பிவைங்க. நான் உக்கார வச்சுக்கறேன். நீங்க கேக்க வேண்டியதைக் கேளுங்க" என்பாள். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தத்தை மைக்கில் கேட்கவைப்பாள். வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பதுபோல ஒரு டம்ளரில் தண்ணீரும் ஊற்றி வைப்பாள், அந்தச் சத்தமும் கேட்கும்படி. அநேகம் பேர் அந்த இடத்தில்தான் உடைந்து அழுவார்கள்.

நர்சரி பள்ளி டீச்சரான அன்னக்கொடியும் போன செவ்வாய்க்கிழமை அங்கேதான் உடைந்தாள். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் சோலையம்மாள் துணியை நனைக்கிறாள் என்று மூன்று ராத்திரி ஒரு வாய் தண்ணீர் கொடுக்காமல் விட்டவள் அவள். நான்காம் நாள் விடியும்போது கிழவி இல்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் தண்ணீர் கேட்கும் குரல் நிற்கவில்லை. புருஷன் குரலில் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்தால் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். குற்றவுணர்ச்சிதான் இப்படிப் பேசுகிறது என்று தேவிகா குறித்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்தாள். தண்ணீர் ஊற்றினாள்.

அன்றோடு வாடிப்பட்டி வீடு அடங்கிவிட்டது. ஆனையூரில், அழுது முடித்த அன்னக்கொடி இணைப்பைத் துண்டித்தபோது டம்ளர் காலியாக இருந்தது.

மறுநாளே தேவிகா நாற்காலியைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்தாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. நாற்காலி போயிற்று, உட்கார்ந்திருந்தது போகவில்லை. மேசைக்கு எதிரே வெறும் தரை. ஆனால் உட்கார்ந்த ஆளின் வாய் இருக்கும் உயரத்தில் மூச்சு வந்து போயிற்று. மூன்று மணி வெயில் மொட்டைமாடித் தளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தபோதும் அந்த மூலையில் மட்டும் நனைந்து காயாத பழந்துணி நாற்றமும், அதற்கடியில் மூத்திர நெடியும் தேங்கி நின்றன.

அதைவிட மோசம், அடுத்த அறையில் ஆறு வயது மகள் ஹம்சவேணி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். கணவன் ஸ்ரீனிவாஸ் ஆரப்பாளையத்தில் ஜவுளிக்கடையை அடைத்துவிட்டு வர இரவாகும்.

"என் பொண்ணு குரல்ல தண்ணி கேக்குது" என்றாள் தேவிகா. கோபமெல்லாம் வடிந்திருந்தது.

"கேக்கத்தான் செய்யும். எந்தக் குரல்ல கேக்குதோ, அந்த ஆளு மேல ஏறப் பாக்குது மேடம். குடுத்தா ஏறிரும். நான் கடைசி வரைக்கும் ஒரு சொட்டுக் குடுக்கலையே."

"காய்ச்சக்காரப் பிள்ளைக்குத் தண்ணி குடுக்காம எப்படி இருக்கிறது?"

"அது உங்க பாடு."

"அன்னக்கொடி, உன் கால்ல விழறேன்..."

"நான் தூங்கி எம்புட்டு நாளாச்சு தெரியுமா? இந்த ஒரு வாரமாத்தான் கண்ண மூடுறேன். எல்லாம் மனசுக்குள்ள இருக்கிறதுதான்னு எனக்குச் சொன்னீகள்ல? படிச்சவுக. அதையே உங்களுக்கும் சொல்லிக்கங்க."

தேவிகா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வயர் கழன்று பேச்சு ஸ்பீக்கருக்கு மாறியது. அன்னக்கொடி இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் மூச்சு விடுவது அறை முழுக்கக் கேட்டது.

தேவிகாவுக்கு ஒரே ஒரு பிடிமானம் இருந்தது. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். ஹம்சா அம்மாவிடம் எதையும் தமிழில் கேட்டதில்லை. எதிர்மூலையோ தமிழில் மட்டும்தான் கேட்டது, அதுவும் வாடிப்பட்டித் தமிழில். இத்தனை நாளும் அதை வைத்துத்தான் எது மகள் குரல் என்று பிரித்தறிந்தாள். தமிழில் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டாள். சௌராஷ்டிரத்தில் கேட்டால் டம்ளரோடு ஓடினாள்.

அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது. கம்மிய குரல். தண்ணீர் கேட்டது.

சௌராஷ்டிரத்தில்.

தேவிகா எழுந்தாள். பானையில் மொண்டாள். அந்த அறை வாசற்படிவரை போயிருப்பாள்.

மறுபடியும் அதே வார்த்தை. அதே கம்மல். அதே சௌராஷ்டிரம். முதல் குரல் முடிவதற்குள் இரண்டாவது தொடங்கிவிட்டது.

எதிர்மூலையைத் திரும்பிப் பார்த்தாள். மூச்சு இல்லை. நாற்றம் இல்லை. அங்கே யாரும் இல்லை.

இரண்டு குரலும் கட்டிலிலிருந்து வந்தன.

போர்வை தலைவரை மூடியிருந்தது. ஒரே ஒரு சின்ன மேடு. ஒரு பிள்ளை அளவுதான். அது மெல்ல அசைந்தது. விளிம்பு தூக்கியது. ஒரு கை நீண்டது. வலது கை. ஹம்சாவின் கை. காய்ச்சலில் சிவந்த விரல்கள்.

பக்கத்திலேயே இன்னொரு கை.

அதுவும் வலது கை. அதுவும் ஹம்சாவின் கை.

இரண்டும் விரிந்தன. காத்திருந்தன.

டம்ளர் ஒன்றுதான்.

பின்னால் ஸ்பீக்கர் கரகரத்தது.

"மேடம்... ரெண்டு பிள்ள அழுகுறது இங்க வரைக்கும் கேக்குது. யாருக்குக் குடுக்கப் போறீக?"