பட்டியலின் கடைசி வரி

"காலையிலேருந்து கதவு யார் கார்டையும் ஏத்துக்க மாட்டேங்குது, மேடம். கார்டு நம்பர் பட்டியல்ல யாரோ கை வெச்சிருக்காங்க."

கம்ப்யூட்டர் சங்கச் செயலாளர் சொல்லி முடிப்பதற்குள் கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான். துப்பறிவது அண்ணி, அவசரப்படுவது அவன்.

சங்கத்தின் அறை நிலவறையில் இருந்தது. சங்கம் ஒன்று, கட்சி இரண்டு: பென்குயின் கட்சி, ஜன்னல் கட்சி. கம்ப்யூட்டரை இயக்க ஆளுக்கொரு சிஸ்டம், இருவரும் எலியும் பூனையும். ஜன்னல் என்று பேர் வைத்த கட்சி இருந்தும் அறைக்கு ஒரு ஜன்னல் கிடையாது. காலையில் காவலாளி சாவியால் திறந்துவிட்டு வீட்டுக்குப் போன கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். கொழுந்தன் உட்காருவதற்கு அந்த நாற்காலியைத்தான் இழுத்தான். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து திறக்கவும் கார்டு வேண்டும். செயலாளரும் இரண்டு தலைவர்களும் மாறி மாறித் தேய்த்தார்கள், சிவப்பு விளக்குதான் எரிந்தது. போனில் சிக்னல் இல்லை. விடுமுறை நாள், மேலே ஈ காக்கை இல்லை. ஜன்னல் கட்சித் தலைவரான ஓவிய ஆசிரியருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் வெளியே ஸ்கூட்டரில் இருந்தது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் அது என்னால்தான் என்று கொழுந்தன் கதவை இழுத்து இழுத்துப் பார்த்தான்.

"நடிப்பு," என்றார் பென்குயின் தலைவர். "சங்கத் தேர்தல்ல என்கிட்ட தோத்த ஆத்திரத்துல பட்டியலைக் கெடுத்ததே இவர்தான்."

"திருத்துற பாஸ்வேர்டு... உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் ஆசிரியர் திணறியபடி.

"இப்பவே திருத்துங்களேன்," என்றான் கொழுந்தன்.

"முடியாது," என்றார் பென்குயின் தலைவர். "ஒருத்தரை ஒருத்தர் நம்பாம, இங்கேருந்து பார்க்க மட்டும்தான் முடியும்னு வெச்சிருக்கோம். என் வீட்டுலேருந்துதான் திருத்தணும். நேத்து இந்தத் துப்புரவு அம்மா புதுசா சேர்ந்தாங்க, அவங்க நம்பரைச் சேர்த்தேன். அவ்வளவுதான்."

மூலையில் துடைப்பத்தோடு நின்ற பெண் தலையாட்டினாள்.

திரையில் பட்டியல் வந்தது. எல்லா எண்ணும் சரி. அண்ணி பதறவில்லை. "கண்ணுக்குத் தெரியாத குறியெல்லாம் தெரியுற மாதிரி காட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கு?" என்றார் பென்குயின் தலைவர். செயலாளரே தட்டினார். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சின்னக் குறி ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசி வரியில் மட்டும் இல்லை.

அண்ணி துப்புரவுப் பெண்ணிடம் திரும்பினாள். "உங்க கார்டைத் தேச்சுப் பார்த்தீங்களா?"

"யாரும் கேக்கலையேம்மா."

அவள் தேய்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. கொழுந்தன் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடினான்.

ஆசிரியர் வெளிப்படியில் உட்கார்ந்து இரண்டு முறை இன்ஹேலரை இழுத்த பிறகுதான் அண்ணி வாயைத் திறந்தாள்.

"பழைய டைப் மெஷின்ல வரி முடிஞ்சா ரெண்டு வேலை. உருளையை ஓரத்துக்குத் தள்ளணும், தாளை மேலே ஏத்தணும். உங்க ரெண்டு சிஸ்டமும் அந்த வழக்கத்துலேருந்து வந்ததுதான். ஜன்னல் ரெண்டு வேலைக்கும் குறி போடும், பென்குயின் ஒண்ணுக்கு மட்டும். இந்தக் கதவு பென்குயின் சிஸ்டம். கூட இருந்த குறியையும் நம்பரோட சேர்த்துப் படிச்சு, இது வேற ஆள்னு தள்ளிடுச்சு. நேத்து சேர்த்த துப்புரவு அம்மா நம்பர்தான் கடைசி வரி. அதுக்குப் பிறகு வரி இல்ல, அதனால குறியும் இல்ல."

"அப்போ ஜன்னல்காரர்தான் அண்ணி!"

"பாஸ்வேர்டு அவர்கிட்ட இல்லையே. நேத்து ஜன்னல் சிஸ்டத்துல உட்கார்ந்து நம்பரைச் சேர்த்தது யாரு?"

எல்லோரும் பென்குயின் தலைவரைப் பார்த்தார்கள்.

"வீட்டுல எத்தனை வருஷமா ஜன்னல்?" என்று ஆசிரியர் கேட்டார்.

"நாலு." தலை நிமிரவில்லை. "அது எனக்குச் சுலபமா இருக்கு. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும். சொல்லவும் முடியாம, விடவும் முடியாம, எனக்கும் மூச்சு முட்டிக்கிட்டுதான் இருந்தது."

ஆசிரியர் நகர்ந்து படியில் இடம் விட்டார். பென்குயின் தலைவர் உட்கார்ந்ததும் இன்ஹேலரை நீட்டினார்.

"இந்தாங்க, நீங்களும் ஒரு இழுப்பு இழுங்க."